ரெண்டு நாள் மாத்திரை போட்டாச்சு... டெஸ்ட் நெகட்டிவ்... அப்போ ஃப்ளூ இல்லையா?

காய்ச்சல் வந்த வீட்டில் இப்போதெல்லாம் முதலில் கேட்கும் கேள்வி, "டெஸ்ட் எடுத்தாச்சா?" என்பதுதான். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டால் வீடே பெருமூச்சு விடும். "அப்பாடா, சாதா காய்ச்சல்தான்" என்று பாதி மாத்திரையோடு நிறுத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். ஆனால், மூக்கில் குச்சி விடுவதற்கு முன்பே ஃப்ளூ மாத்திரை நாலு உள்ளே போயிருந்தால், அந்த நெகட்டிவுக்கு என்ன அர்த்தம்? உடம்பில் மிச்சமிருக்கும் மருந்து டெஸ்ட் ரிசல்ட்டை மாற்றுமா? பதில், எந்த டெஸ்ட் என்பதையும், கடைசி மாத்திரையை எப்போது விழுங்கினீர்கள் என்பதையும் பொறுத்தது.

ஒரு தறி, ரெண்டு ஆள்

காஞ்சிபுரத்தின் விளிம்பில் இருக்கிறது ஏனாத்தூர். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, ஹாஸ்டல் மாணவர்கள் என்று ஒரு முகம். அங்கிருந்து நகருக்குள் போனால் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களின் முகம். இரண்டு இடத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் அது ஒருவரோடு நிற்காது. ஹாஸ்டலில் ஒரு அறையில் மூன்று, நான்கு பேர். நெசவாளர் வீட்டிலோ தறி இருக்கும் கூடத்தில்தான் பாட்டியும் படுத்திருப்பார், பேரனும் வீட்டுப்பாடம் எழுதுவான்.

கோர்வைச் சேலை நெய்ய, உடலையும் கரையையும் சேர்த்து ஓட்ட, தறியில் இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் அது வீட்டு ஆளாகத்தான் இருக்கும். அவர் காய்ச்சலில் படுத்தால் தறி நின்றுபோகும். தறி நின்றால் அந்த நாள் கூலி இல்லை. அதனால்தான், "எத்தனை நாள் படுக்கணும்? இது ஃப்ளூவா, இல்லையா?" என்ற கேள்விக்கு இங்கே பணத்திலும் ஒரு விலை இருக்கிறது.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 63 வயது அம்மா, சர்க்கரை நோய் உள்ளவர். திங்கட்கிழமை காய்ச்சல், இருமல், உடம்பு வலி. செவ்வாய்க்கிழமை காலை தெரு முனை கிளினிக்கில் டாக்டர் ஓசல்டாமிவிர் கேப்சூல் எழுதித் தருகிறார். டாமிஃப்ளூ, ஃப்ளூவிர், ஆன்டிஃப்ளூ என்று பல பெயர்களில் கிடைக்கும் மருந்து இதுதான். வேளைக்கு ஒன்றாக, ஒரு நாளைக்கு இரண்டு. வியாழக்கிழமை இரவு மூச்சு வாங்குகிறது. வெள்ளிக்கிழமை காலை வேறு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு, தொண்டையில் மாதிரி எடுக்கிறார்கள். அதற்குள் ஆறு கேப்சூல் உள்ளே போய்விட்டது. புது டாக்டரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. "என்னவோ காய்ச்சல் மாத்திரை கொடுத்தாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரிப்போர்ட் நெகட்டிவ். இனி என்ன?

மாத்திரை முதலில், டெஸ்ட் அப்புறம்

"டெஸ்ட் எடுக்காம ஏன் மாத்திரை கொடுத்தாங்க?" என்று அந்த முதல் டாக்டரைக் குறை சொல்லத் தோன்றும். தேவையில்லை. நம் நாட்டு ஃப்ளூ வழிகாட்டுதலே அப்படித்தான் இருக்கிறது.

2009-ல் ஹெச்1என்1 பன்றிக்காய்ச்சல் பரவியபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் 'ஏ'. வீட்டில் ஓய்வு போதும்; டெஸ்ட்டும் வேண்டாம், ஓசல்டாமிவிரும் வேண்டாம். கடுமையான காய்ச்சல் இருந்தாலோ, நோயாளி கர்ப்பிணி, குழந்தை, முதியவர், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர் என்ற பட்டியலில் இருந்தாலோ 'பி'. இவர்களில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பிக்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், ரத்த அழுத்தம் குறைவது, நகம் நீலமாவது, அரை மயக்கம் என்றால் 'சி'. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், டெஸ்ட் எடுக்க வேண்டும், சிகிச்சையையும் தொடங்க வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஓசல்டாமிவிரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதிக பலன். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் போய்விடும். ஆகவே மாத்திரை முதலில், டெஸ்ட் பிறகு என்பது சரியான முடிவுதான்.

ஆனால் அதன் பக்கவிளைவைப் பாருங்கள். 'பி'யில் இருந்து 'சி'க்குப் போகிறவர்தான் டெஸ்ட்டுக்கு வருகிறார். அப்படியானால், டெஸ்ட் மிக மிகத் தேவைப்படும் நோயாளிகளில் பலரும் ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவர்களாக இருப்பார்கள்.

மருந்து கிடைப்பதும் இப்போது எளிது. முன்பு ஓசல்டாமிவிர், 'ஷெட்யூல் எக்ஸ்' என்ற கடுமையான பட்டியலில் இருந்தது. தனி லைசென்ஸ் வைத்திருக்கும் சில மருந்துக் கடைகளில்தான் கிடைக்கும். 2017-ல் மத்திய அரசு அதை 'ஷெட்யூல் ஹெச்1' பட்டியலில் விற்க அனுமதித்தது. டாக்டர் சீட்டு கட்டாயம்தான். ஆனால் சாதாரண மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கலாம். தேவைப்படுபவருக்குச் சீக்கிரம் கிடைக்கிறது என்பது நல்லது. போன வருஷம் அண்ணனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த நாலு கேப்சூல் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது என்பது அதே நன்மையின் மறுபக்கம்.

கத்தி மழுங்கினால் சேலை தறியிலேயே நிற்கும்

மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்தால் டெஸ்ட் விஷயம் தானாகப் புரிந்துவிடும்.

ஃப்ளூ வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப் போலப் பல பிரதிகளைச் செய்துகொள்கிறது. தயாரான புது வைரஸ்கள் செல்லின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தால்தான் கடைக்குப் போகும், இல்லையா? அதுபோல அந்த ஒட்டலை அறுத்துவிட வைரஸிடம் ஒரு கத்தி இருக்கிறது. அதன் பெயர் நியூராமினிடேஸ். 'ஹெச்1என்1', 'ஹெச்3என்2' என்பதில் வரும் 'என்' இதைத்தான் குறிக்கிறது. ஓசல்டாமிவிர் போய் அந்தக் கத்தியின் வாயை அடைத்துவிடுகிறது. புது வைரஸ் செல்லை விட்டுக் கிளம்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும். பக்கத்துச் செல்லுக்குப் பரவுவது குறையும்.

இந்த மருந்துக்கு நம் சமையலறையோடும் ஒரு தொடர்பு உண்டு. இதைத் தயாரிக்க ஷிகிமிக் அமிலம் வேண்டும். அதை எடுக்கும் முக்கியமான மூலப்பொருள்களில் ஒன்று, பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ. அதற்காக அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் ஃப்ளூ போய்விடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தொழிற்சாலையில் பல கட்ட வேதிமாற்றம் நடந்த பிறகுதான் அது மருந்தாகிறது.

விழுங்கிய கேப்சூலை நம் கல்லீரல்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வடிவம் சிறுநீர் வழியாக வெளியேறும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 6 முதல் 10 மணி நேரம் ஆகும். 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், கடைசி மாத்திரைக்கு 24 மணி நேரம் கழித்து எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். 48 மணி நேரத்தில் 64-ல் ஒரு பங்கு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இதைவிட அதிக நேரம் தங்கும்; அதனால்தான் அவர்களுக்கு டோஸையே குறைப்பார்கள்.

எந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது?

"ஃப்ளூ டெஸ்ட்" என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல வகை இருக்கின்றன.

முதல் வகை, ரேப்பிட் ஆன்டிஜென் டெஸ்ட். கொரோனா காலத்தில் பார்த்த அதே கோடு விழும் கிட். இது வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. மருந்து அந்தப் புரதத்தைத் தொடுவதில்லை. பல கிட்களோடு வரும் குறிப்புத்தாளில், ஓசல்டாமிவிரைக் கலந்து பார்த்தும் ரிசல்ட் மாறவில்லை என்ற விவரமே இருக்கும். அப்படியானால் பிரச்னை இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். மருந்து வைரஸின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. இந்த கிட்டுக்கோ கண்பார்வை ஏற்கெனவே கொஞ்சம் மங்கல். உண்மையில் ஃப்ளூ உள்ளவர்களில் சுமார் 50 முதல் 70 சதவிகிதம் பேரைத்தான் இவ்வகை டெஸ்ட் பிடிக்கும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி சொல்கிறது. வைரஸ் குறைந்த மூக்கில் அதுவும் தடுமாறும்.

இரண்டாவது, ஆர்.டி.பி.சி.ஆர். இது வைரஸின் ஆர்.என்.ஏ-வைத் தேடிப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கிறது. வைரஸுக்கு உயிர் இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்பது இதற்குத் தேவையில்லாத கேள்வி. ஓசல்டாமிவிர் ஆர்.என்.ஏ-வை உடைப்பதில்லை. அதனால், மருந்து ஆரம்பித்த பிறகும் சில நாள்கள் பாசிட்டிவ் காட்டும் வாய்ப்பு இதில்தான் அதிகம். மருந்து சாப்பிட்டவருக்கு டெஸ்ட் என்றால் இதுதான் நல்ல தேர்வு. ஆனாலும் நாள் ஆக ஆக, வைரஸ் குறையக் குறைய, இதுவும் நெகட்டிவ் ஆகும்.

மூன்றாவது, வைரஸை வளர்த்துப் பார்ப்பது. கோழி முட்டையிலோ, நாயின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய செல்களிலோ மாதிரியை விட்டு, வைரஸ் வளர்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கேதான் மிச்ச மருந்து நேரடியாக வம்பு செய்யலாம். குச்சியோடு வந்த சளியில் மருந்து ஒட்டியிருந்தால், நோயாளியின் உடம்பில் செய்த அதே வேலையை லேப் தட்டிலும் செய்யும். வைரஸின் கத்தி அங்கேயும் அடைபடும். மெதுவாக வளரும், அல்லது வளராமலே போகும். உறிஞ்சும் மருந்தான ஸனாமிவிரை எடுத்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அது நேராக மூச்சுப்பாதையில்தான் போய்ப் படிகிறது. மாதிரியை நீர்க்கச் செய்வது, வைரஸ் செல்லில் ஒட்டிய பிறகு மேலே நிற்கும் திரவத்தைக் கழுவிப் புதிதாக ஊற்றுவது போன்ற வழிகளில் லேப்காரர்கள் இதைக் குறைக்க முடியும். ஆனால், மருந்து இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

நான்காவது, ரத்தப் பரிசோதனை. வைரஸுக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை அளப்பது. இது வீட்டு நோயாளிக்குத் தேவைப்படாது. ஆராய்ச்சிக்கும் தடுப்பூசி வேலைக்கும் பயன்படுகிறது. ரத்தத் துளியில் மருந்து மிச்சமிருந்தால், வைரஸை அடக்கியது எதிர்ப்பொருளா, மருந்தா என்ற குழப்பம் வரலாம். மாத்திரை நிறுத்திய பிறகு போதிய நாள்கள் விட்டு ரத்தம் எடுத்தால் குழப்பம் தீரும்.

சுருக்கிச் சொன்னால், ஆஸ்பத்திரியில் நமக்கு எடுக்கும் டெஸ்ட்டை மிச்ச மருந்து நேரடியாகக் கெடுப்பதில்லை. அது ஏற்கெனவே செய்து முடித்த வேலைதான் ரிசல்ட்டைச் சாய்க்கிறது. ஆராய்ச்சி லேபில் வைரஸை வளர்க்கும் இடத்தில், மிச்ச மருந்தே குறுக்கே நிற்கலாம்.

எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த ஒரு விரைவு கிட், வைரஸின் நியூராமினிடேஸ் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையே அளந்து ஃப்ளூவைக் கண்டுபிடித்தது. கத்தியை அடைக்கும் மருந்தும், கத்தியை அளக்கும் டெஸ்ட்டும் ஒரே மூக்கில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு டெஸ்ட் எந்த வழியில் வேலை செய்கிறது என்று கேட்காமல், "மாத்திரை டெஸ்ட்டைப் பாதிக்காது" என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அது ஒரு பாடம்.

புது மருந்துகள் வரும்போதும் இதே கேள்வியைப் புதிதாகக் கேட்க வேண்டும். 2018 பிப்ரவரியில் ஜப்பானிலும் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற பலோக்ஸாவிர், வைரஸ் பிரதி எடுக்கும் வேலையையே தடுக்கிறது. ஒரே ஒரு டோஸ்தான். ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 79 மணி நேரம் ஆகும். "நான் போன வாரம் ஒரே ஒரு மாத்திரைதான் போட்டேன்" என்ற வாக்கியத்துக்கு அந்த மருந்தில் வேறு கனம்.

நெகட்டிவ்... ஆனா மூச்சு வாங்குது!

இப்போது அந்த 63 வயது அம்மாவிடம் வருவோம். நெகட்டிவுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உண்மையிலேயே ஃப்ளூ இல்லை. வேறு ஏதோ கிருமி. இரண்டு, மருந்தும் உடம்பும் சேர்ந்து மூக்கிலிருந்த வைரஸைக் குறைத்துவிட்டன. ஃப்ளூ மாதிரியை அறிகுறி தொடங்கிய முதல் மூன்று, நான்கு நாள்களுக்குள் எடுப்பதுதான் நல்லது. இங்கே ஐந்தாவது நாள். மூன்று, வைரஸ் மூக்கில் குறைந்து, நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. நிமோனியா நிலையில் இருப்பவருக்கு மூக்கு மாதிரி நெகட்டிவ் என்றாலும், நுரையீரலின் உள்ளிருந்து எடுக்கும் சளியில் வைரஸ் கிடைப்பது உண்டு. அதனால்தான் ஐ.சி.யூ-வில் செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களுக்கு உள்ளிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மூன்றில் எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு கேப்சூல் போன கதை தெரிந்தால், டாக்டர் இரண்டாவதையும் மூன்றாவதையும் கணக்கில் எடுப்பார். தெரியாவிட்டால், 'ஃப்ளூ இல்லை' என்று மருந்து நிறுத்தப்படலாம். நோயாளி பொது வார்டுக்கு மாற்றப்பட்டு, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இருமலோடு வைரஸும் போகலாம். ஒரு சின்ன தகவல் விடுபட்டதற்கு இவ்வளவு பெரிய விலை!

இதன் மறுபக்கமும் உண்டு. மாத்திரை ஐந்து நாள் முடித்து, காய்ச்சலும் விட்ட பிறகு, "எதுக்கும் ஒருதடவை பார்த்துடலாம்" என்று ஆர்.டி.பி.சி.ஆர் எடுத்து, பாசிட்டிவ் வந்ததும் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த பாசிட்டிவ், செத்த வைரஸின் ஆர்.என்.ஏ மிச்சமாகவும் இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்றோ, இன்னும் தொற்று பரவும் என்றோ அதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. நன்றாக இருப்பவர் திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுப்பது, காசுக்குக் கேடு, மனசுக்கும் கேடு.

ஒரு மாதிரியின் பின்னால் ஊரே இருக்கிறது

வைரஸை லேபில் வளர்ப்பது யாருக்கோ நடக்கும் ஆராய்ச்சி என்று விட்டுவிட முடியாது. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் 1952-ல் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூ கண்காணிப்பு வலையில் இந்தியாவின் முக்கியக் கண்ணி அது. சென்னை கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு நிறுவனம், 2009 பன்றிக்காய்ச்சல் காலத்தில் தமிழ்நாட்டு மாதிரிகளைப் பரிசோதித்தது. இப்படிப் பல நாட்டு லேப்களில் வளர்த்துப் பார்க்கும் வைரஸ்களை வைத்துத்தான், எந்த வகைக்குத் தடுப்பூசி செய்வது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை முடிவு செய்கிறது. மருந்துக்கு வைரஸ் அடங்குகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்று பார்ப்பதும் இதே லேப்கள்தான்.

அந்த எதிர்ப்பு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில், ஓசல்டாமிவிருக்கு அடங்காத ஹெச்1என்1 வைரஸ் அதிக அளவில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஒரு வருடத்துக்குள் உலகின் பல பகுதிகளில் அப்போது சுற்றிய பருவகால ஹெச்1என்1 கிட்டத்தட்ட முழுவதுமே அப்படி மாறிவிட்டது. நார்வே இந்த மருந்தை அதிகம் பயன்படுத்திய நாடும் இல்லை. பிறகு 2009-ன் புது வைரஸ் வந்து பழையதை இடம்பெயர்த்தது. அது பெரும்பாலும் மருந்துக்கு அடங்கியது. அடுத்த முறையும் இப்படி அதிர்ஷ்டம் வரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. கண்காணிப்புதான் வழி.

சுவாரஸ்யம் என்னவென்றால், இதே ஓசல்டாமிவிரை லேப்காரர்கள் வேண்டுமென்றே டெஸ்ட்டில் சேர்ப்பதும் உண்டு. சில ஹெச்3என்2 வைரஸ்களில், ரத்தச் சிவப்பணுவோடு ஒட்டும் வேலையை நியூராமினிடேஸும் சேர்ந்து செய்து, எதிர்ப்பொருள் கணக்கைக் குழப்பும். அதை அடக்க, அளந்து கொஞ்சம் ஓசல்டாமிவிரைச் சேர்க்கிறார்கள். அளவு தெரிந்து சேர்த்தால் உதவி. தெரியாமல் மாதிரியோடு வந்தால் உபத்திரவம்.

ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் அந்த நாலு கேப்சூல்

2023 மார்ச்சில் ஹெச்3என்2 பரவியபோது, தமிழ்நாடு அரசு அந்த மாதம் 10-ம் தேதி 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. இப்படிப் பரபரப்பான நாள்களில்தான் பழைய ஸ்ட்ரிப்கள் வெளியே வருகின்றன. ஒரு பெரியவருக்கான முழு சிகிச்சை, 75 மில்லிகிராம் கேப்சூல் ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஐந்து நாள், ஆக மொத்தம் பத்து. வீட்டில் நாலு மிச்சமிருக்கிறது என்றால், யாரோ ஒருவர் ஆறோடு நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த நாலை இன்னொருவர் தானாகப் போட்டுக்கொண்டால் அவருக்கும் முழு சிகிச்சை இல்லை. மூக்கில் வைரஸ் குறைந்து டெஸ்ட் மட்டும் குழம்பும்.

இந்த மருந்து எல்லோருக்கும் வேண்டிய மந்திரக்கோலும் கிடையாது. 2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, பெரியவர்களுக்கு ஃப்ளூ அறிகுறிகள் தணியும் நேரத்தை ஓசல்டாமிவிர் சுமார் 17 மணி நேரம் குறைத்தது. வாந்தி, குமட்டல் அதிகமானது. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், தீவிர நோயாளிகளுக்கு இதை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. தீவிரமில்லாத ஃப்ளூவுக்குப் பரிந்துரைக்கவில்லை. யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்யத்தான் டாக்டர் இருக்கிறார். ஹாஸ்டல் ரூம்மேட் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

அப்போ நாம என்ன பண்ணணும்?

டாக்டர் ஃப்ளூ மருந்து எழுதினால், டெஸ்ட் சரியாக வர வேண்டுமே என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபத்து அதிகமுள்ளவருக்கு மணி நேரங்கள் முக்கியம். டெஸ்ட்டும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்தால், முடிந்தவரை முதல் மாத்திரைக்கு முன்போ, உடனடியாகவோ மாதிரி கொடுத்துவிடலாம். இரண்டும் ஒரே நாளில் நடக்கக்கூடியவைதான்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று என்றால், அட்டையை வெட்டிக் குப்பையில் போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள். மருந்தின் பெயர், முதல் மாத்திரை போட்ட நாள், இதுவரை எத்தனை, கடைசியாக எத்தனை மணிக்கு என்ற நான்கையும் மாதிரி எடுப்பவரிடம் சொல்லி, படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். மறந்துவிடும் என்றால் ஸ்ட்ரிப்பை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளலாம். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், வைரஸைத் தொடாது. ஆன்டிபயாடிக்கும் ஃப்ளூ வைரஸைக் கொல்லாது. ஆனால், "எல்லாமே காய்ச்சல் மாத்திரைதான்" என்று நாமாக முடிவு செய்துவிடாமல், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது.

மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். சில நாள்களுக்கு டெஸ்ட்டில் அது பாசிட்டிவ் காட்டலாம். ஃப்ளூ மாத்திரை அந்தத் தடுப்பு மருந்தின் பலனையும் குறைத்துவிடக்கூடும்.

ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்தால், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரேப்பிட் டெஸ்ட்டா, ஆர்.டி.பி.சி.ஆரா என்று கேளுங்கள். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, அரை மயக்கம் என்று எதுவும் இருந்தால், கையில் இருக்கும் நெகட்டிவ் தாளைப் பார்த்துத் தைரியமாக வீட்டில் இருக்க வேண்டாம். குழந்தை என்றால், பால் குடிக்க மறுப்பது, விடாமல் சிணுங்குவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பதைக் கவனியுங்கள்.

இதில் நோயாளி மட்டும் செய்ய வேண்டியது என்று எதுவும் இல்லை. கிளினிக் ஒரு இடம், லேப் ஒரு இடம், ஆஸ்பத்திரி ஒரு இடம் என்று அலையும் நம் ஊர் நடைமுறையில், தகவலைத் தூக்கிச் செல்வது காய்ச்சலில் கிடப்பவரும் பதறிப்போன உறவினரும்தான். மாதிரி வாங்கும் ஒவ்வொரு படிவத்திலும் 'வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்தீர்களா, கடைசியாக எப்போது?' என்ற ஒரு வரி தமிழில் கட்டாயமாக இருக்க வேண்டும். கேட்டவர் அதை நிரப்பியிருக்க வேண்டும். அந்த பதில் ரிப்போர்ட்டிலும் அச்சாக வேண்டும். 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்குக் கீழே, 'மாதிரி எடுக்கும் முன் 3 நாள்கள் ஓசல்டாமிவிர் எடுத்தவர்' என்று ஒரு வரி இருந்தால், அந்தத் தாளை அடுத்து வாங்கிப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரிப் படிப்பார். இதற்குப் புது மிஷின் வேண்டாம், பெரிய செலவு வேண்டாம். ஒரு வரி மை போதும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நம் பக்கம் காய்ச்சல் வார்டுகள் நிரம்பும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல், பீரோவுக்குள், ஹாஸ்டல் டிராயரில் கிடக்கும் பழைய ஸ்ட்ரிப்பை எடுத்துப் பார்த்து, யாரும் தானாகப் போட்டுக்கொள்ள முடியாதபடி அப்புறப்படுத்திவிடுங்கள்.